ஓய்ந்திருந்த காட்டைத் தரிசு என்றவன் பேசுகிறேன்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணன் நசுருல்லா அவர்களே! நாமக்கல் வெயிலைத் தலையில் சுமந்து வந்து தரையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கோபத்தை நெஞ்சிலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! கொல்லிமலை இறங்கி வந்திருக்கும் பழங்குடிச் சொந்தங்களே! அனைவருக்கும் வணக்கம்.

கைதட்டாதீர்கள். தனபால் ஆகிய நான் கைதட்டு வாங்க வரவில்லை; கன்னத்தில் அறை வாங்க வேண்டியவன்.

அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே காளியாத்தாள், அவர் தம் மலைக்காட்டில் மூன்றாண்டு சாமை விதைப்பார். அடுத்த இரண்டாண்டு அந்த மண்ணைத் தொடமாட்டார். புல் முளைக்கும், புதர் மண்டும், மண் மூச்சு வாங்கும். அது அந்த மலையின் மரபு. அந்த மண்ணுக்கு மருந்து! ஆழ்துளைக் கிணறு போட்டு ஆண்டு முழுவதும் நிலத்தைப் பிழிகிற நமக்கு அது புரிந்ததா? புரியவில்லையே!

சென்ற ஆண்டு ஒரு கம்பெனி வந்தது. பூமி கொதிக்கிறதாம், குளிரவைக்க மரம் நடுகிறார்களாம். சும்மா கிடக்கிற நிலம் எது என்று கேட்டார்கள். ஓய்ந்திருந்த காளியாத்தாள் காட்டைக் காட்டி, "அது தரிசுதானுங்க" என்று சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் யார்? நான்! பண்ணையம் பார்க்கிற பாவி நான்!

"ஏனுங்க போட்டீங்க?" என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். கேளுங்க சாமி, நல்லாக் கேளுங்க! மலைக்காரருக்கு வெள்ளாமை தெரியாது என்கிற திமிர் எனக்கு. அதுதான் காரணம்.

அந்தக் காட்டைச் சுற்றிக் கம்பெனியின் வேலி வந்தது. கிராம சபையைக் கேட்டார்களா? வன உரிமைச் சட்டத்தைப் புரட்டியாவது பார்த்தார்களா? விதைக்கூடையோடு போன காளியாத்தாள் மேல், அத்துமீறி நுழைந்தார் என்று வழக்கு! அவர் என்னிடம் வந்து கேட்டார்: "எங்க காட்டுல வெதைக்க நான் ஆருகிட்டச் சாமி கேக்கோணும்?"

அனலைக் கக்கியது யார்? ஆலை வைத்த நாம், லாரி ஓட்டிய நாம், அறைக்கு அறை ஏசி மாட்டிய நாம்! மழை தவறினால் முதலில் கருகுவது யார் பயிர்? அவர்கள் பயிர்! சூடேற்றியவன் சுகமாக இருப்பான், சும்மா இருந்தவள் நிலத்தைக் கொடுக்க வேண்டுமா? என்ன அநியாயமய்யா இது! வெட்கமாக இல்லையா நமக்கு?

என் சாட்சி பொய் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது போதாது. மலையில் மழை பெய்துவிட்டது. இந்த வாரம் விதை விழாவிட்டால் அந்த வீட்டில் இந்த ஆண்டு சோறு இல்லை. வெள்ளிக்கிழமை காலை காளியாத்தாள் வேலியைத் திறந்து விதைக்கப் போகிறார். அவர் பின்னால் நானும் போகிறேன். வழக்கு எழுதுகிறவர்கள் முதல் பெயராக என் பெயரை எழுதட்டும்!

இரண்டாவது பெயர் யாருடையது? எழுந்து நில்லுங்கள்! அடடா, தலைவரே எழுகிறார்! அதோ, தாய்மார்கள்!

நிற்கிற அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்; வெள்ளிக்கிழமை வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.