நிக்கோலாசாவுக்காக நான் பேசினேன்

உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லையே? நான் நின்றுகொள்கிறேன். ஏரியோரத்தில் பல வருஷம் இருந்தவளுக்கு மூடிய அறை ஒத்துக்கொள்வதில்லை.

என் பெயர் ரெனாத்தா. பிறந்தது குவாத்தமாலாவின் தலைநகரில். அத்தித்லான் ஏரிக்கரைக்கு வந்தபோது நிறைமாதம். என் மகளைக் கையில் வாங்கியவள் பக்கத்து வீட்டு நிக்கோலாசா. சுத்துஹில் என்ற மாயா பழங்குடிப் பெண், அந்தக் கரையின் மருத்துவச்சி. என் வயதுதான் இருக்கும். குழந்தை குறுக்கே கிடந்தது. நெய்த சால்வையை என் இடுப்புக்கடியில் விரித்து, இரு முனைகளையும் பிடித்து, தூளி ஆட்டுவதுபோல் ஆட்டினாள். ஆட்டும்போது வாய்க்குள் சில பெயர்களைச் சொன்னாள். குழந்தை திரும்பியது. அதைவிட அழகான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. அழகானதை ஒரே கரையில் பூட்டி வைப்பது நியாயமா, சொல்லுங்கள்.

அதனால் அவள் மொழியைக் கற்றுக்கொண்டேன். பிறகு அவள் வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். ஐரோப்பாவிலிருந்து பெண்கள் வந்தார்கள். சால்வை, பெயர்கள் எல்லாம் அப்படியே. பிரசவிக்கிறவளின் கண்ணைத் துணியால் கட்டுவது மட்டும் நான் சேர்த்தது. பார்க்கப் பழமையாக இருக்கும்.

ஒருநாள் வகுப்பின் நடுவே நிக்கோலாசா வாசலில் வந்து நின்றாள். கையில் சோளமாவு காய்ந்திருந்தது.

"ஏண்டி, என்னத்தைச் சொல்லிக்கிட்டிருக்கே?"

"பிரசவ மந்திரம்."

"மந்திரமா? அது எங்கம்மா பேரு. எங்க பெரியம்மா பேரு. இந்த வேலை பார்த்துச் செத்தவங்க. நான் கூப்பிட்டாத் துணைக்கு வருவாங்க. நீ கூப்பிட்டா எதுக்கு வரணும்? உங்க வீட்டுல யாருமே சாகலையா?" கண் கட்டிப் படுத்திருந்த பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ பிள்ளை பெறப்போறாளா, பானை உடைக்கப்போறாளா?"

என்ன சொல்கிறாள் என்று பெண்கள் கேட்டார்கள். நம்மை வாழ்த்துகிறாள் என்றேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ சிரிப்பதுபோலவே இருக்கும். இந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? பரவாயில்லை, இருக்கட்டும்.

ஃபெம்கே என்ற டச்சுப் பெண் என்னிடம் பிள்ளை பெறவே வந்தவள். காலையில் பனிக்குடம் உடைந்தது. குழந்தை குறுக்கே இருந்தது. பனிக்குடம் உடைந்த பிறகு சால்வையைத் தொடக் கூடாது என்று என் பிரசவத்தின்போதே நிக்கோலாசா சொல்லியிருந்தாள். நான் மறக்கவில்லை. ஆனால் படகு பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால், அவ்வளவு தூரம் நம்பி வந்தவளுக்கு நான் கொடுத்தது என்ன? வகுப்புப் பெண்களை முற்றத்துக்கு அனுப்பினேன். அவள் கண்ணைக் கட்டினேன். ஆட்டினேன்.

"ஏதோ நழுவுது, நிறுத்து," என்றாள். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வெளியே வந்திருந்தது. துடித்துக்கொண்டிருந்தது. பார்த்தேன். பெயர்களை இன்னும் உரக்கச் சொன்னேன், அவள் அழுகை முற்றத்துக்குக் கேட்காதபடி. ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவரை செய்ததெல்லாம் தவறு என்றாகிவிடும்.

பெண் குழந்தை. அழவில்லை.

போலீசிடம் நான் சொன்னது இது: பின்கதவு வழியாக நிக்கோலாசா வந்தாள், சால்வையை ஆட்டியவள் அவள்தான். ஃபெம்கே மறுக்கவில்லை. கண் கட்டியிருந்தவளுக்கு அந்தப் பெயர்கள் மட்டும்தானே நினைவிருந்தன.

நிக்கோலாசாவுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் ஸ்பானிஷ் தெரியும். அவள் மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே நான் இருந்தேன்.

"அன்னைக்கு நான் எதிர்க்கரையில இருந்தேன். ரெட்டைப் பிள்ளை பிறந்துச்சு. படகுக்காரனைக் கேளுங்க," என்றாள்.

"நான்தான் செய்தேன், கடவுள் சித்தம்" என்கிறாள் என்று ஸ்பானிஷில் சொன்னேன்.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெனாத்தா, நான் சொன்னதைத்தானே சொன்னே?"

"ஆமா."

"உன் பிள்ளை மேல ஆணையா?"

"ஆமா."

கைரேகை வைத்தாள். எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் படகுக்காரனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சாட்சி சொல்லியிராவிட்டால், நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதனால் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டியது நான். கொடியைப் பார்த்துக்கொண்டே ஆட்டியதும் நான். அவள் சொன்னதை மாற்றிச் சொன்னதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தச் சால்வை எங்கள் குடும்பத்துச் சால்வையா? அந்தப் பெயர்கள் என் வீட்டுப் பெயர்களா? அவர்களுடைய வழக்கத்தில் ஒரு குழந்தை செத்தால், அவர்களில் ஒருத்தி பதில் சொல்வதுதானே முறை?