பாக்கெட் தீனி தின்ற மீன்

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் தெள்ளு செத்துப்போகும். வாளியை ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து வாசம் போன பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு விஷயத்தை இரண்டு முறை கேட்கிற வசதி எனக்குக் கிடையாது.

தெள்ளு என்றால் நாய் மேல் இருப்பது இல்லை, மேடம். நீர்த்தெள்ளு. கடுகில் பாதி இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். மீன் இருந்த தண்ணீரை, மீனை எடுத்துவிட்டு, தாய்த்தெள்ளு இருக்கும் குடுவையில் ஊற்றினால் போதும். அதன் முதுகுப் பையில் வளரும் குஞ்சுகள் தலையில் கூர்முனையும் வாலில் நீள முள்ளுமாகப் பிறக்கும். மீன் வேண்டாம், மீனின் வாசம் போதும். அதுதான் என் ஆய்வு.

முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரு முள்கூட வரவில்லை. பேராசிரியர் குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீனுக்கு என்னம்மா போட்ட?" என்றார்.

"பாக்கெட் தீனி, சார்."

"அதான பார்த்தேன். தவிடு தின்னுற மீனுக்கு எதும்மா பயப்படும்? தெள்ளோட இனத்தைத் தின்ன மீனா இருக்கணும். மீனுக்கு நாலு தெள்ளைப் போடு. உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் சொல்லித் தந்திருப்பார்கள்போல. நான் நாலு தெள்ளைப் போட்டேன். பத்து நாளில் முள் வந்தது.

இனி என் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருந்தோம். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தனியாகத் தங்க வேண்டும். தலை காயக் கதவைத் திறந்து போட்டு உட்காருகிறவள். வழி கேட்டவனோடு அந்த வீடுவரை நடந்துபோய்க் காட்டிவிட்டு வருகிறவள். வெளுத்ததெல்லாம் பால் அவளுக்கு.

என் கதை அவளுக்குத் தெரியாது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருவன் ஐந்து மாதம் என் பேருந்தில் ஏறினான். என்ன செய்தான் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். இப்போதும் நீங்கள் அதை எழுத வேண்டாம். அன்றிலிருந்து எந்த வாசலுக்கும் முதுகு காட்டி நான் உட்கார்ந்ததில்லை. எனக்கு முள் முளைத்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் கிளம்ப நாற்பது நாள்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, மேடம். அவ்வளவு பயம்.

அதனால் அவளுடைய தண்ணீரை மாற்றினேன். தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு, பேசாமல் மூச்சு மட்டும் விட்டேன். அப்பாவின் பழைய சட்டையும் ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டு, அவள் திரும்பிவரும் சந்தில் இருபதடி பின்னால் நடந்தேன். வாசலில் சிகரெட் துண்டுகளைப் போட்டு வைத்தேன்.

அவள் சிரித்தாள். "எவனோ விலாசம் தெரியாம சுத்துறான்க்கா. தண்ணி குடுத்து அனுப்புவோம். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

எதிர் அறையில் இருந்த அவள் தோழியை நாங்கள் குருவி என்று கூப்பிடுவோம். அவளும் சேர்ந்துகொண்டாள். "அக்காவைப் பொண்ணு பார்க்க வந்திருப்பான்டி. வெக்கம், வாசல்லயே நின்னுட்டான்."

இரண்டும் வயிறு வலிக்கச் சிரித்தன. தவறு எங்கே என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் போட்டது பாக்கெட் தீனி.

குருவி மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதை வாக்குமூலத்தில் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். நான் சட்டையும் தொப்பியுமாகப் படித் திருப்பத்தில் நின்றேன். முதலில் அப்படியே உறைந்துபோனாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஐயோ அக்கா, நீங்களா? உயிரே போயிடுச்சு" என்று சிரித்தாள். என்னைத் தாண்டி அவள் ஒரு படி இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு கையாலும் தள்ளினேன். நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். படியில் கிடந்த சிகரெட் துண்டை முதலில் பார்த்தது என் தங்கைதான்.

பத்து நாள்கூட ஆகவில்லை. கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் வைத்தாள். நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்து, அதிலேயே உட்கார்ந்து தூங்கினாள். யாராவது தட்டினால் கத்தியோடு எழுந்தாள். போகப்போக உடம்பு பாதியாயிற்று, மாதவிலக்கு நின்றுபோனது, வேலைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாள். முள் வளர்க்கும் தெள்ளும் முட்டையைக் குறைத்துக்கொள்ளும். எதுவும் சும்மா முளைக்காது. அவள் நடுங்கும்போது நான்தான் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். "அக்கா, நீ மட்டும் எங்கயும் போயிடாத" என்பாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

அந்தச் சட்டையை என் பையிலிருந்து எடுத்து உங்களிடம் கொண்டுவந்தவளும் அவள்தான். எனக்கு வருத்தமில்லை. பழைய தங்கையாக இருந்தால் அதைத் துவைத்து மடித்து வைத்திருப்பாள்.

இப்போது வீடு மாறிவிட்டாளாம். புது விலாசத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். நல்லது. ஆனால் அது போதாது. அவளைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். எனக்கு ஒரு வாரம் என்றால் எவனுக்கும் ஒரு வாரம்தானே, மேடம்? வெளியே வந்ததும் முதல் வேலையாக அவள் கதவைத் தட்டி இதைச் சொல்ல வேண்டும்.