தேறிட்டியா?

—சொன்னாக் கேளு தங்கச்சி. சாவியை வெச்சுட்டு இறங்கு.

—இப்பத்தான் ஏறி, சீட்டை முன்னாடி தள்ளி உக்காந்தேன். அதுக்குள்ள இறங்கணுமா? நீங்க ஏறுங்கண்ணே. கண்டக்டர் இல்லாம வண்டி நகராது.

—கால்ல கம்பி வெச்சிருக்கு உனக்கு. பஸ்சு பள்ளத்துல உருண்டு, தகரத்தை வெட்டித்தான் உன்னை வெளிய எடுத்தாங்க. ஆபீஸ்ல உக்காந்த வேலை தர்றேன்னு மேனேஜரே சொல்றாரு. வேற யாருக்குக் கிடைக்கும்?

—இதுவும் உக்காந்த வேலைதான்.

—விளையாடாத. பட்ட காலிலேயே படும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

—படட்டும். பட்ட காலு இப்ப இரும்பு. வந்து படுறதுதான் நெளியும்.

—வாய் மட்டும் ஒடியல உனக்கு.

—படுத்திருந்தப்போ வந்தவங்க ஆளுக்கொரு வார்த்தை. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு'ன்னாங்க. இடுப்பெலும்பு போனது யாருக்காம்? நாத்தனார் வந்து 'மறுபிறவி அண்ணி உங்களுக்கு'ன்னா. அப்ப லைசென்ஸ் மறுபடி எடுக்கணுமாடின்னு கேட்டேன்.

—நல்லதுக்குத்தானே சொல்றாங்க.

—'தேறிட்டியா, தேறிட்டியா'ன்னு பரீட்சை ரிசல்ட் மாதிரி கேக்குறாங்கண்ணே. ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன். திரும்ப எழுத வந்துட்டேன்ல?

—அவசரம் என்ன? இன்னும் கொஞ்ச நாள் ஆறப் போடு.

—ஆறப் போட நான் என்ன சோறா?

—அந்த வளைவு வழியாத்தான் போகணும். தெரியும்ல?

—தெரிஞ்சுதான் இந்த ரூட்டைக் கேட்டு வாங்கினேன். அறுந்தது பிரேக்கு, நான் இல்ல. ஆனா 'பொம்பளை ஓட்டினா இப்படித்தான்'னு டீக்கடையில பேசினாங்களே, என் வீட்டுக்காரர் காதுபட! நான் மேசைக்குப் போய்ட்டா அந்தப் பேச்சு நிஜமாயிடும். அடுத்து எவளும் இந்த சீட்டுல உக்கார முடியாது.

—அதுக்காக உயிரைக் குடுப்பியா?

—பின்னாடி ஆளுங்க ஏறிட்டாங்க. என் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்காம ஏறுங்கண்ணே.

—இரு, டிக்கெட் பையை எடுத்துட்டு வரேன்.

—தோள்லதான் தொங்குது.

—விசிலு...

—கழுத்துல. அண்ணே, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கப்புறம் நீங்க எந்த வண்டியிலயாவது ஏறினீங்களா?

—எனக்கென்ன, முழங்கையில சிராய்ப்பு. படியிலேருந்து தூக்கி எறிஞ்சுது, புல்லுல போய் விழுந்தேன். அதிர்ஷ்டக்காரன்னாங்க. என்கிட்ட யாரு என்ன கேக்கப் போறாங்க?

—நான் கேக்குறேன்.

—இத்தனை நாளா டிப்போ கவுன்ட்டர்லதான் இருக்கேன். வீட்டுக்கு நடந்தே போறேன். படியில காலை வெச்சா, நீ உள்ளேருந்து கத்தினது கேக்குது. உன்னை இறக்கிட்டா நானும் ஏற வேண்டாம்னு... அதான் விஷயம்.

—உங்க வீட்ல அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க. கண்டக்டரா உங்களைப் போட்டாத்தான் வண்டியை எடுப்பேன்னு மேனேஜர்கிட்ட அடம்பிடிச்சதே நான்தான்.

—ஏன் தங்கச்சி இந்த வீம்பு? நீ தைரியக்காரி, என்னை விட்டுட்டுப் போ. ஏய், கியர் கம்பி ஏன் அப்படி ஆடுது? வண்டியில ஏதோ கோளாறு. எஞ்சினை நிறுத்து, மெக்கானிக்கைக் கூப்பிடுறேன்.

—எஞ்சினை நான் இன்னும் கிளப்பவே இல்லண்ணே. ஆடுறது என் கை. ஏறுங்க.