குழலுக்குள் இருந்த மருந்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார்: என் தம்பி கெட்டிக்காரன். இருவருக்கும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை. பழைய ஆயுதங்களை ஆராய்ந்து எழுதுவது நான். துருவை நீக்கி அவற்றைக் காப்பாற்றுவது அவன். வேலை அவ்வளவு சுத்தம்.

என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்ததே ஓர் இரும்புத் தலைக்கவசத்தால்தான். அதன் உச்சியிலுள்ள ஓட்டை போரில் குண்டு பாய்ந்தது என்று முந்நூறு பக்கம் எழுதினேன். திங்கட்கிழமை தம்பி அதன் துருவை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணா, இது குண்டு இல்ல. அடி உள்ளேர்ந்து வெளியே போயிருக்கு. யாரோ கவுத்து வச்சு, செடி வளர்த்திருக்காங்க. தண்ணி வடியறதுக்கு ஆணியால ஓட்டை போட்டிருக்காங்க. வேர்கூட ஒட்டியிருக்கு, பாருங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லித்தானே ஆகணும்? நீங்களே சொல்லிட்டா கௌரவமா இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால், ஒரு பூந்தொட்டியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவன் என்றுதான் இனி என்னைச் சொல்வார்கள்.

புதன்கிழமை, கோட்டை அகழாய்விலிருந்து ஒரு துப்பாக்கிக் குழல் வந்தது. ஈரமே எட்டாத அடைத்த அறையில் நானூறு வருடம் கிடந்தது. எங்களிடம் ஒரு விதி உண்டு. எந்தக் குழலையும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளே வெடிமருந்து இருந்தால் சிவப்புக் கயிறு கட்டிவிடுவோம். தண்ணீர் விட்டு மருந்தைக் கரைக்கும்வரை சூடு காட்டக் கூடாது. எக்ஸ்ரே என் பொறுப்பு.

படத்தில் குண்டு தெளிவாகத் தெரிந்தது. அதன் பின்னால் மருந்து இறுகக் கெட்டிக்கப்பட்டிருந்தது. படத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். கயிறு கட்டவில்லை. மறதி என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வியாழன் காலை, குழலில் உறைந்திருந்த பழைய மெழுகை உருக்க, சூடான காற்றடிக்கும் கருவியோடு தம்பி உட்கார்ந்தான்.

"அண்ணா, உள்ள ஒண்ணும் இல்லையே?"

"காலிதான்."

அவன் ஒருநாளும் என் பேச்சைச் சந்தேகப்பட்டதில்லை. அடிப்பக்கத்தில் சூட்டைக் கூட்டச் சொன்னேன். மெழுகு உருகுகிறதா என்று குழலின் வாய்ப்பக்கம் குனிந்து பார்க்கச் சொன்னதும் நான்தான். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்தி, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஆக, கொன்றது நான்தான், சார். ஆனால் நானூறு வருடத்து மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பது எங்கள் துறைக்குச் சின்ன விஷயமில்லை. நேற்றே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். தம்பி பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். அவனுக்குச் சேர வேண்டிய பெருமையை அண்ணன் தட்டிப் பறித்துக்கொண்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.