தள்ளும் சுவிட்ச்

பேருந்தில் ஒட்டுக்கேட்ட ஒரு ரகசியத்தை ஊரில் சொன்னேன். நான் செய்த தவறு அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், முகம் மட்டும் பழக்கமான ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரும் அவர் மனைவியும் முன்னிருக்கையில் இருந்தார்கள். மடியில், கடைக்காரர் பார்க்கக் கொடுத்த இரண்டு சின்ன கேமராக்கள்.

"இது என்னையக் கேள்வி கேக்குது," என்றார் அவர்.

"ஒரே பட்டன்தான். மூணு தடவ அமுக்குனா ஃபிளாஷ் நின்னுரும்."

"நின்னுச்சான்னு அந்தச் சின்னக் கட்டத்துல பாக்கணும்லா. எனக்கு அந்த எழுத்தெல்லாம் எறும்பு ஊருறாப்ல இருக்கு."

"மெதுவாப் பேசுங்க. கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கூப்பிட மாட்டாக. இந்தா, இன்னொண்ணப் பாருங்க, இதுல சுவிட்சத் தள்ளுனாப் போதும், வெரலுக்கே தெரியும். ஃபோகஸ அதுவே பாத்துக்கிடும்."

"பிடி வழுக்குதே."

"கயித்தக் கையில மாட்டிக்கோங்க. கல்யாணமாகி ஒரு தடவையாவது எம்பேச்சக் கேளுங்க."

அடுத்த வாரம் நண்பர் வீட்டுக் காதுகுத்துக்குப் படம் எடுக்க அவரை அழைக்கலாம் என்று பேச்சு வந்தது. "அவருக்குக் கண் சரியாகத் தெரியாதே" என்றேன். அது பரவி, அவருக்கு வரும் அழைப்புகள் நின்றன.

பரிகாரமாக என் மகள் வளைகாப்புக்கு அவரை அழைத்தேன். படங்கள் தெளிவாக வந்தன. வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டினார்கள், யாரும் அவரை அழைக்கவில்லை.

கடைத்தெருவில் அந்த அம்மாள் என்னை நிறுத்தி, "அம்புட்டுப் பேரும் ஒதுங்குன பொறவும் நீங்க ஒருத்தர்தான் எங்கள நம்புனீங்க" என்றார். நான் தலையாட்டினேன்.