பிரேக்குக்கு இரண்டு கோட்டிங்

விமான நிலையம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் மீன்பிடி வல்லம் வைத்திருப்பவர். துபாயிலிருந்து வரும் மச்சானை அழைத்துவரப் போகிறார். துணைக்கு அடுத்த வீட்டு அண்ணாச்சி.

“ஒம் மச்சான் காரு வீட்டுல இருக்கையில பஸ்ஸுல ஏம்லே போறோம்?”

“பிரேக்குக்குப் பெயிண்ட் அடிச்சிட்டேன் அண்ணாச்சி.”

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“பிரேக்குக்கா?”

“சக்கரத்துக்குள்ள டிஸ்க்க கவ்வுத காலிப்பர் இருக்குல்லா, அதுக்குச் செவப்பு அடிச்சா கார் எடுப்பா இருக்கும்னு மச்சான் போன்ல சொன்னான். வல்லத்துக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் கெடந்துது. வீட்டுல வச்சே அடிச்சிட்டேன்.”

“காலிப்பருக்கு மட்டுந்தான?”

“டிஸ்க்குக்கும் சேத்துதான். ரெண்டு பக்கமும் ரெண்டு கோட்டிங். வல்லத்துல ஒரு பலகைய வெறுமன விடுவமா? உப்புக்காத்து தின்னுரும்லா.”

“ஏலே, டிஸ்க்குல பெயிண்ட் இருந்தா வழுக்கிட்டுல்லா போவும்! கார் எப்படிலே நிக்கும்?”

“நிக்கலையே.”

“இப்ப எங்கன இருக்கு?”

“உப்பளத்துல. வரப்பத் தாண்டி எறங்கி, பாத்திக்குள்ள போயித்தான் நின்னுச்சு.”

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பாத்தி முழுக்க உப்புத்தண்ணிலே! மச்சான் வாரதுக்குள்ள துரு ஏறிராதா?”

வல்லக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எப்படி ஏறும் அண்ணாச்சி? அதுக்குத்தான ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கேன்.”