ஜெபப் பட்டியலில் ஒரு பெயர்

என் பெயர் லூயிசா, வயது 48, தகப்பனார் பெயர் கஸ்பார், காலஞ்சென்றவர். மயிலாப்பூர், மாதா தேவாலயத் தெரு, பழைய எண் 9, புதிய எண் 21, முதல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுள்ளேன். அருள்வாசல் சமூகப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியையாகவும், அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் துணைத் தலைமையாசிரியையாகவும் பணிபுரிந்து வருகிறேன். 14.07.2024 ஞாயிறு காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் திருமதி சண்முகவடிவு எழுத, கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

ஜெபப் பட்டியலில் முனியம்மாளின் பெயரை ஏன் எழுதினீர்கள் என்பதுதான் உதவி ஆய்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வேறு சொற்களில் இன்னும் இரண்டு முறை கேட்டார். தெரியாது என்றே சொன்னேன். நடந்ததை மட்டும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

எங்கள் பள்ளி இப்பகுதிக் கத்தோலிக்கர்களின் பங்குக் கோயிலைச் சேர்ந்தது. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, பெருங்குடியிலும் அடையாறிலும் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நூற்று நாற்பது பேர் படிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு விடுதி உண்டு. பெரும்பாலோர் இந்துக்கள். யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை; கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

பள்ளியின் வாசலுக்கு உள்ளே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யாருக்காவது ஜெபிக்க வேண்டும் என்றால் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். எந்த மதத்தவரும் போடலாம். சீட்டு போட வருகிறவரை வாசலில் நிறுத்துவதில்லை, யார் என்று கேட்பதில்லை. வியாழன்தோறும் அந்தச் சீட்டுகளையும் தாளாளர் ஃபாதர் மேத்யூ சொல்லும் பெயர்களையும் பட்டியலாகத் தட்டச்சு செய்வது என் வேலை. மறுநாள் அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பெற்றோரும் நன்கொடையாளருமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். பெயர் சொல்லாத ஜெபம் முகவரி எழுதாத கடிதம் என்று ஃபாதர் அடிக்கடி சொல்வார். நான் பல ஆண்டுகளாகத் திருப்பலிக்குப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

முனியம்மாள், வயது 33, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். 2021 ஜூனில் மகள் கயலோடு எங்களிடம் வந்தார். அப்போதே அவருடைய இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயர் பொன்னுரங்கம் என்று எழுதச் சொன்னவர், முகவரிக் கட்டம் வந்ததும் அதைக் கையால் மூடிக்கொண்டார். "இத்த மட்டும் உட்டுடுங்க டீச்சர்" என்றார். விட்டுவிட்டேன். அதன் பிறகு பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு, விடுதியின் பின்னறையில் மகளோடு தங்கியிருந்தார். கயல் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

04.07.2024 வியாழன் அன்று ஃபாதர் மேத்யூ ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை நான் தட்டச்சு செய்தேன். ஒன்பதாவது வரி இது: "நம் பள்ளிச் சமையலறையில் பணிபுரியும் சகோதரி முனியம்மாள், கணவரின் கொடுமையிலிருந்து விலகி, மகள் கயலோடு நம்மிடம் வாழ்கிறார், அவர்களுக்கு மன அமைதி கிடைக்க." இதைத் தட்டச்சு செய்யும்போது படிவத்தில் விடப்பட்ட கட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் செய்து முடித்தேன். ஜெபத்தால் எதுவும் நடப்பதில்லை என்று நினைக்கிறவள் நான். அதனால் கேடும் நடக்காது என்று நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமை முனியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். "டீச்சர், பலகையில என் பேரு கீதே, கிழிச்சிடட்டா?" என்று கேட்டார். ஃபாதர் வருத்தப்படுவார், வெறும் ஜெபம்தானே என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

இவ்வழக்கின் எதிரியான, முனியம்மாளின் கணவர் பொன்னுரங்கத்தின் ஊர்க்காரர் ஒருவர் பெருங்குடியில் கம்பி கட்டுகிறார். அவர் மகன் எங்கள் பள்ளியில் படிக்கிறான். "உன் சம்சாரத்துக்காக நம்ம பசங்க ஸ்கூல்ல ஜெபம் பண்றாங்கப்பா" என்று பட்டியலை எதிரிக்கு அவர்தான் அனுப்பியிருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரியவந்தது. அவர் நல்லெண்ணத்தில் அனுப்பினார் என்று நான் நம்புகிறேன்.

12.07.2024 வெள்ளி, மதியம் 12.20 மணிக்கு நான் அலுவலக ஜன்னல் அருகே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் கையில் துணிப்பையோடு வாசலுக்கு வந்தான். அவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காவலாளி அல்போன்ஸ், வயது 62, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர், "இன்னா நைனா, சீட்டா?" என்று கேட்டார். அந்த ஆள், "ஆமா சார், வூட்டுக்காரிக்கு" என்றான். அல்போன்ஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்து, "பேரை மட்டும் எழுது, கதை எழுதாத. எங்க ஃபாதருக்குக் கண்ணு அவ்ளோதான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அவன் பெட்டியின் மேல் வைத்து நிதானமாக எழுதி, சீட்டைப் போட்டு, பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு வாசல் பக்கம் திரும்பாமல் சமையலறைப் பக்கம் நடந்தான். "அந்தாண்ட போவாத நைனா, வழி இந்தாண்ட" என்று அல்போன்ஸ் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

நான் எழுந்து போனேன். சமையலறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சிறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முனியம்மாள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரி பையிலிருந்து இளநீர் வெட்டும் கத்தியை எடுத்து எதுவும் பேசாமல் அவர் தலையை நோக்கி வெட்டினான். முனியம்மாள் கரண்டியோடு கையைத் தூக்கியதால் வெட்டு இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு தெரிந்தது. அதன் பிறகு அவன், "ஓடிப்போனவளுக்கு ஊரே ஜெபம் பண்ணுதாடி?" என்று கத்திக்கொண்டு, வரிசையில் நின்ற கயலின் சடையைப் பிடித்து இழுத்தான். பின்னால் ஓடிவந்த அல்போன்ஸ் அவனை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவன் சடையை விட்டுவிட்டான்.

அந்த நேரத்தில் நான் கயலையும் மற்ற பிள்ளைகளையும் சமையலறைக்குள் தள்ளி, இரும்புக் கம்பிக் கதவை இழுத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே என்னோடு இருபத்து மூன்று பிள்ளைகள். வெளியே முனியம்மாள், அல்போன்ஸ், எதிரி. இதை நான் தெரிந்தே செய்தேன்.

அதன் பிறகு நடந்ததைக் கம்பிகளின் வழியாகப் பார்த்தேன். எதிரி கத்தியைப் பின்பக்கமாக வீசினான். அல்போன்ஸின் கழுத்திலும் வலது தோளிலும் வெட்டு விழுந்தது. அவர் பிடியை விடவில்லை. மூன்றாவது வெட்டில் விட்டார். உட்காருகிறவர் போல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் எதிரி இரண்டு முறை வெட்டினான். பென்சில் அவர் காதிலேயே இருந்தது.

கயல் தாழ்ப்பாளை எடுக்கப் பார்த்தாள். நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். முனியம்மாள் வெளியிலிருந்து, "தெறக்காத டீச்சர்! இன்னா ஆனாலும் தெறக்காத!" என்று கத்தினார். மூன்று ஆண்டுகளில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அப்போதுதான். எதிரி அவரை நோக்கித் திரும்பினான். முனியம்மாள் வலது கையாலும் வயிற்றாலும் சாம்பார் அண்டாவைச் சாய்த்து அவன் மேல் தள்ளினார். முகத்திலும் மார்பிலும் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு கத்தியைப் போட்டுவிட்டு வாசல் வழியாக ஓடினான். அவன் வெளியே போனதைப் பார்த்த பிறகே நான் கதவைத் திறந்தேன்.

என் வலது மணிக்கட்டிலுள்ள காயத்தை எதிரி ஏற்படுத்தவில்லை. அது கயல் கடித்தது. மருத்துவச் சான்றில் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அல்போன்ஸ் அரசு மருத்துவமனையில் 1.50க்கு இறந்தார். முனியம்மாளுக்குக் கையில் இருபத்தேழு தையல் போட்டு அங்கேயே சேர்த்தார்கள். கயல் தாயோடு இருந்தாள். மாலையில் காவல்துறையினர் என் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார்கள். எதிரியின் சீட்டு மேலாக இருந்தது. "முனியம்மாள், ஆத்மா சாந்தி அடைய" என்று எழுதியிருந்தது.

மறுநாள், 13.07.2024 சனிக்கிழமை, நடந்தது பின்வருமாறு. காலை 5.30க்கு ஃபாதர் மேத்யூ, முதல் நாள் நான் அலுவலகத்துக்குத் திரும்பாததால், தாமே ஒரு பட்டியல் தயாரித்துக் குழுவில் போட்டிருக்கிறார். முதல் பெயர் அல்போன்ஸ். இரண்டாவது முனியம்மாள், இரண்டாம் மாடி, பெண்கள் வார்டு, பதினொன்றாம் கட்டில் என்று சேர்த்திருந்தார். நான் 7.40க்குத்தான் பார்த்தேன். தொலைபேசியில் அழைத்து அழிக்கச் சொன்னேன். "என்னம்மா லூயிசா, இப்பகூட ஜெபம் கேக்கக் கூடாதா?" என்றார். கட்டில் எண்ணை வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அவர் அழித்துவிட்டார். அதற்குள் நூற்றுத் தொண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள்.

உதவி ஆய்வாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன். பதினொன்றாம் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னது: "வெள்ளன ஃபோனைப் பாத்துச்சு. பாத்துட்டு, 'போதும்மா, எனக்கு இனிமே ஜெபம் வாணாம்'னு சொல்லிட்டு பொண்ணை இட்டுக்கினு பூடுச்சு." 9.10க்கு முகத்தில் துண்டு சுற்றிய ஒரு ஆள் மாடிப்படி ஏறிவந்து பதினொன்றாம் கட்டில் எங்கே என்று கேட்டான். என் தகவலின் பேரில் அங்கு நிறுத்தப்பட்டிருந்த காவலர்கள் பிடித்தார்கள். துண்டை எடுத்தபோது முகம் வெந்திருந்தது. அவன்தான் எதிரி என்று அடையாளம் காட்டினேன். இடுப்பில் வேறொரு கத்தி இருந்தது.

அன்று மாலை 4.20க்கு முனியம்மாள் புதிய எண்ணிலிருந்து என்னிடம் பேசினார். எங்கே இருக்கிறார் என்று சொன்னார். கோர்ட்டில் சாட்சி சொல்ல வருவதாகவும் சொன்னார். "ஆனா இத்த எங்கயும் எழுதிடாத டீச்சர்" என்றார்.

சாட்சியான முனியம்மாளின் தற்போதைய முகவரியைச் சொல்லும்படி உதவி ஆய்வாளர் இப்போது கேட்கிறார். இந்த வாக்குமூலத்தின் நகல் எதிரிக்கும் தரப்படுமா என்று கேட்டேன். குற்றப்பத்திரிகையோடு தரப்படும், அது சட்டம் என்றார். முகவரி எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அழைப்பாணையை என் வீட்டுக்கு அனுப்பலாம். என் முகவரி முதல் பத்தியில் இருக்கிறது. இது குற்றமானால் என் மீதும் வழக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. முனியம்மாளின் முகவரிக்கென்று விடப்பட்ட இடத்தில் யாரும் பிறகு எதுவும் சேர்க்காதபடி நானே குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

ஒப்பம்,
லூயிசா
14.07.2024